கபுகிச்சோ 2020: ஹோஸ்ட் கிளப் இளைஞர்கள் பரிசோதனைக்கு முன்வந்தது எப்படி?

2020 ஜூன், ஜூலை மாதங்களில் டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியில் கொரோனா பரவியது. அப்போது ஷின்ஜுகு வார்டு நிர்வாகமும் அங்குள்ள ஹோஸ்ட் கிளப் உரிமையாளர்களும் சேர்ந்து என்ன செய்தார்கள் என்பதன் பதிவு இது. நோய்த்தடுப்பு வேலையில் இருப்பவர்களுக்கும், ஊர் ஒதுக்கிவைக்கும் தொழில்களில் இருப்பவர்களோடு பழகி வேலை செய்பவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களைப் பதவியாலும் தொழிலாலும் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

ஷின்ஜுகு ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் கபுகிச்சோ, ஜப்பானின் பெரிய கேளிக்கைப் பகுதிகளில் ஒன்று. நடந்தே சுற்றிவிடக்கூடிய அந்த இடத்துக்குள் 200க்கும் மேற்பட்ட ஹோஸ்ட் கிளப்கள் இருக்கின்றன. வாடிக்கையாளர்கள் பெண்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் ஆண்கள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள், மது ஊற்றிக் கொடுப்பார்கள், கவலையைக் கேட்பார்கள். யாராவது விலை உயர்ந்த ஷாம்பெயின் கேட்டுவிட்டால் கடையில் இருக்கும் ஹோஸ்ட்கள் எல்லாரும் அந்த மேஜையைச் சூழ்ந்துகொண்டு மைக்கில் கோஷம் போடுவார்கள். மூடிய அறை, நெருக்கம், உரத்த பேச்சு, கைமாறும் கண்ணாடிக் கோப்பைகள். காற்றில் பரவும் நோய்க்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது.

ஆனால் கடையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். இந்த இளைஞர்களில் பலர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். கிளப் நிர்வாகம் வாடகைக்கு எடுத்துக் கொடுக்கும் குடியிருப்பில் சிலர் சேர்ந்து தங்குவார்கள். கடையில் ஒருவனுக்கு வரும் காய்ச்சல் அன்றிரவே அந்த அறைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வருமானம் பெரும்பாலும் விற்பனையில் ஒரு பங்கு. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பாத்தியம் இல்லை, இரண்டு வாரம் போகாவிட்டால் வாடிக்கையாளரே வேறு கடைக்குப் போய்விடுவார். தொழிலில் எல்லாருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. பக்கத்தில் நின்று வேலை செய்பவரின் நிஜப்பெயர் தெரியாமலேயே மாதக்கணக்கில் வேலை செய்ய முடியும். தொற்றுத் தொடர்பைத் தேடி வரும் சுகாதார ஊழியருக்கு இந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய தடை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கடைகள் காவல்துறை மேற்பார்வையில் இயங்கும் கேளிக்கைத் தொழில் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்கி நடப்பவை. நள்ளிரவுக்கு, சில இடங்களில் ஒரு மணிக்கு, மூடியாக வேண்டும். அரசு என்றால் அவர்களுக்கு நினைவுக்கு வருவது சோதனைக்கு வரும் அதிகாரிதான், உதவிக்கு வரும் அதிகாரி அல்ல.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷின்ஜுகு வார்டு அலுவலகமே கபுகிச்சோவுக்குள்தான் இருக்கிறது. டோக்கியோவின் 23 வார்டுகளும் தனித்தனி நகராட்சிகளைப் போன்றவை. ஷின்ஜுகுவில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் வசிக்கிறார்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் இருக்கிறார், வார்டுக்கென்று சொந்தப் பொது சுகாதார மையமும் இருக்கிறது. தெருவின் இந்தப் பக்கம் நிர்வாகம், அந்தப் பக்கம் கிளப்கள். அப்படியிருந்தும் 2020க்கு முன் இரண்டு தரப்புக்கும் பெரிய நெருக்கம் இருந்ததில்லை.

மார்ச் முதல் மே வரை: நம்பிக்கை குறைந்தது

மார்ச் 30 அன்று டோக்கியோ ஆளுநர் செய்தியாளர்களைச் சந்தித்து, இரவு கிளப்கள், மதுக்கூடங்கள், கராவோக்கே இடங்களுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மருத்துவ ரீதியாக அதில் தவறில்லை. ஆனால் அதன் பிறகு "இரவு நகரம் தொடர்பானது" என்று தினசரி அறிக்கையில் ஒரு தனிக் கணக்கு வர ஆரம்பித்தது. அலுவலகத்தில் தொற்றியவர் நோயாளி, கிளப்பில் தொற்றியவர் குற்றவாளி என்ற மாதிரி ஒரு பேச்சு நாடெங்கும் பரவியது.

அதே சமயத்தில் மத்திய அரசு இன்னொரு காரியம் செய்தது. பள்ளிகள் மூடப்பட்டதால் விடுப்பு எடுக்கும் பெற்றோருக்கான நிதியுதவித் திட்டத்திலிருந்து இரவுக் கேளிக்கைத் தொழிலில் இருப்பவர்களை முதலில் விலக்கி வைத்தது. கடும் எதிர்ப்பு வந்த பிறகு ஏப்ரலில் சேர்த்துக்கொண்டது. ஒரு மாதத்துக்குள் திருத்திவிட்டார்களே என்று இதைக் கடந்து போய்விட முடியாது. நெருக்கடி வந்தால் நம்மை முதலில் தள்ளிவிடுவார்கள் என்பதை அந்த ஒரு மாதம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஹோஸ்ட்கள் ஏன் ஜூனில் வாய் திறக்கவில்லை என்று கேட்பவர்கள் மார்ச்சிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

ஏப்ரல் 7 அன்று டோக்கியோவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 11 முதல் கடைகளை மூடும்படி மாநகர அரசு கேட்டுக்கொண்டது. ஒத்துழைக்கும் நிறுவனத்துக்கு 5 லட்சம் யென், இரண்டு அல்லது அதற்கு மேல் கடைகள் இருந்தால் 10 லட்சம் யென். கபுகிச்சோ வாடகைக்கு அது எந்த மூலைக்கு? மேலும் அது வேண்டுகோள்தான், மீறினால் தண்டனை கிடையாது. மே 25 அன்று அவசரநிலை முடிந்தது. ஆனால் ஹோஸ்ட் கிளப்களுக்கான மூடல் வேண்டுகோள் ஜூன் 19 வரை நீடித்தது.

இந்த இடைவெளிதான் இந்த நிகழ்வின் முடிச்சு. பல கிளப்கள் ஜூன் 19க்கு முன்பே திறந்துவிட்டன. அந்தக் காலத்தில் "எங்கள் கடையில் ஒருவருக்குத் தொற்று" என்று சொல்ல வந்த உரிமையாளர், "வேண்டுகோளை மதிக்காமல் கடையைத் திறந்திருந்தோம்" என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார்.

ஜூன் தொடக்கம்: கவனிக்கப்பட்டவை

ஜூன் 2 அன்று டோக்கியோவில் 34 பேருக்குத் தொற்று உறுதியானது. மாநகர அரசு எச்சரிக்கை அறிவித்து, ரெயின்போ பாலத்தையும் தலைமையகக் கட்டடத்தையும் சிவப்பு விளக்கில் ஒளிரவிட்டது. தொற்று கண்டவர்களில் இளம் வயது ஆண்கள் கணிசமாக இருந்தார்கள்.

ஷின்ஜுகுவில் இவர்களைச் சோதிக்க ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது. வார்டுக்குள் இருக்கும் தேசிய உலகச் சுகாதார, மருத்துவ மையத்தின் வளாகத்தில் ஏப்ரல் 27 அன்றே பிசிஆர் பரிசோதனை மையம் திறந்திருந்தார்கள். ஆகவே கருவிக்கோ இடத்துக்கோ அங்கே குறைவில்லை. குறைவாக இருந்தது தகவல். வேலை எங்கே என்று கேட்டால் பதில் மழுப்பலாக வரும். யாரோடு இருந்தீர்கள் என்றால் தெரியாது என்பார்கள். அதில் ஒரு பகுதி உண்மையும்கூட, ஏனென்றால் தெரிந்தது புனைபெயர் மட்டும். வாடிக்கையாளர் பெயரையோ சொல்லவே மாட்டார்கள். அதைக் காப்பாற்றுவதுதான் அவர்களுடைய தொழிலின் முதல் மரியாதை.

அன்று தொற்றுநோய்ச் சட்டப்படி சுகாதார ஊழியர் விசாரிக்கலாம். ஆனால் பதில் சொல்லாதவரை ஒன்றும் செய்ய முடியாது. அதற்கான தண்டனைப் பிரிவு பிறகுதான் வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, கீழிருந்து தேடிக்கொண்டிருக்காமல் உரிமையாளர்களிடம் நேரடியாகப் போவது. ஜூன் தொடக்கத்தில் வார்டு மேயரே கிளப் நடத்துபவர்கள் சிலரைச் சந்தித்துப் பேசினார். கபுகிச்சோவில் ஒரு பெரிய உரிமையாளரிடம் பல கடைகள் இருக்கும். ஒருவர் சம்மதித்தால் நூற்றுக்கணக்கான ஊழியர்களை அணுகலாம். கடைக்குள் மூத்தவர் சொல்லுக்கு இளையவர்கள் கட்டுப்படும் வழக்கமும் இதற்கு உதவியது. அதிகாரி பத்து முறை சொல்வதை, தன் கடையில் உச்ச விற்பனை செய்யும் ஹோஸ்ட் ஒருமுறை சொன்னால் போதும்.

இரண்டாவது முடிவு, கடையின் பெயரை வெளியிடுவதில்லை என்ற உறுதி. இதற்குப் பலமான எதிர்ப்பு இருந்தது. எந்தக் கடை என்று தெரிந்தால்தானே மக்கள் ஒதுங்க முடியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வார்டின் கணக்கு வேறாக இருந்தது. ஒரு கடையின் பெயரை வெளியிட்டால் அந்த ஒரு கடையைப் பொதுமக்கள் தவிர்ப்பார்கள், மற்ற 200 கடைகளும் அடுத்த நாளே வாயை மூடிக்கொள்ளும். அங்கே சோதனைக்கு யாரும் வரமாட்டார்கள், பரவல் கண்ணுக்குத் தெரியாமல் தொடரும். இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் சாத்தியமாக்கியது என்பது என் கணிப்பு. மூடல் வேண்டுகோளை மீறித் திறந்த விஷயத்தையும் யாரும் தோண்டவில்லை.

மூன்றாவது, ஒருவருக்குத் தொற்று என்றால் அந்தக் கடையில் இருப்பவர்கள் எல்லாரையும் அறிகுறி பார்க்காமல் சோதிப்பது. அன்றைய ஜப்பானில் இது சாதாரணமில்லை. வசந்த காலத்தில் காய்ச்சலோடு நாள்கணக்கில் காத்திருந்து பரிசோதனை கிடைக்காமல் போனவர்கள் உண்டு. ஆனால் இருபது வயது ஹோஸ்டுக்கு அறிகுறியே வராமல் போகலாம், வந்தாலும் முந்தைய இரவின் போதை என்று நினைத்துக்கொள்வான். அறிகுறிக்காகக் காத்திருந்தால் இங்கே எதுவும் பிடிபடாது. மத்திய அமைச்சரும் ஆளுநரும் ஜூன் 7 வாக்கில் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தொடர்ந்து சோதனை செய்யலாம் என்று ஆதரவு காட்டியது வார்டுக்குத் தெம்பு கொடுத்தது.

ஜூன் 18 அன்று இந்தப் பேச்சுகளுக்கு முறையான வடிவம் கிடைத்தது. வார்டு நிர்வாகம், பொது சுகாதார மையம், கிளப் உரிமையாளர்கள் மூவரும் உட்காரும் ஒரு தொடர்புக் குழு தொடங்கியது. காற்றோட்டம், முகக்கவசம், கோப்பை பகிராமை, வாடிக்கையாளர் பதிவு என்று கடைகள் பின்பற்ற வேண்டிய பட்டியல் அங்கே பேசப்பட்டது. மேலிருந்து அனுப்பிய சுற்றறிக்கைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. "ஷாம்பெயின் கோஷத்தை எப்படி நடத்தினால் எச்சில் தெறிக்காது" என்ற கேள்விக்குப் பதில் அந்தத் தொழிலில் இருப்பவரிடம்தான் இருக்கும்.

ஜூன் நடுப்பகுதி: எண்ணிக்கை ஏறியது

ஜூன் 14 அன்று டோக்கியோவில் 47 பேர், 15 அன்று 48 பேர். இரண்டு நாள்களிலும் ஷின்ஜுகு ஹோஸ்ட் கிளப் ஊழியர்கள் பெரும் பங்கு. கடையோடு கூட்டமாகச் சோதனைக்கு வந்தவர்கள் அவர்கள். ஷின்ஜுகு பரிசோதனை மையத்தில் தொற்று உறுதியாகும் விகிதமும் உயர்ந்தது.

இதை எப்படிப் படிப்பது என்பதில்தான் எல்லாமே இருந்தது. சுகாதார மையத்தின் பார்வையில் இது திட்டம் வேலை செய்வதற்கான சான்று. இதுவரை ஒளிந்திருந்த தொற்று வெளியே வருகிறது. தொலைக்காட்சி பார்ப்பவருக்கு இதுவே "ஹோஸ்ட்கள் ஊரைக் கெடுக்கிறார்கள்" என்பதற்கான சான்று. ஒத்துழைத்த கடைகள்தான் எண்ணிக்கையில் தெரிந்தன. ஒத்துழைக்காத கடைகள் சுத்தமானவை போலத் தோன்றின. நல்லது செய்பவனுக்குத் திட்டு விழும் ஏற்பாடு எத்தனை வாரம் தாங்கும்?

அந்தப் பழியைத் தாங்கிக்கொண்டு உரிமையாளர்கள் தொடர்ந்து ஆட்களை அனுப்பினார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் நிறுத்தியிருந்தால் யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது.

ஜூலையில் ஹோஸ்ட்கள் எழுதிய தாங்கா (31 அசைகளில் எழுதப்படும் ஜப்பானியக் குறுங்கவிதை) தொகுப்பு ஒன்று புத்தகமாக வந்தது. கபுகிச்சோவில் கிளப் நடத்தும் ஒருவர் கவிஞர்களை அழைத்து, தன் ஊழியர்களை எழுதவைத்த முயற்சி அது, கொரோனாவுக்கு முன்பே தொடங்கியது. தொற்றுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லைதான். ஆனால் எண்ணாக மட்டுமே செய்தியில் வந்துகொண்டிருந்த இளைஞர்கள் அந்த மாதத்தில் 31 அசைகளுக்குள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை விட்டுவிட மனம் வரவில்லை.

ஜூலை: உதவித்தொகையும் காவல்துறையும்

ஜூலை 2 அன்று டோக்கியோவின் தினசரி எண்ணிக்கை 107. ஒரே வாரத்தில், 9 ஆம் தேதி, அது 224.

இந்தக் கட்டத்தில் ஷின்ஜுகு வார்டு, தொற்று உறுதியான தன் குடிமக்களுக்கு 1 லட்சம் யென் உதவித்தொகை தருவதாக அறிவித்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பணத்துக்காக ஹோஸ்ட்கள் வேண்டுமென்றே தொற்றிக்கொள்வார்கள் என்றார்கள். அந்தத் தொகை எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவானது, தனிமையில் இருக்கும் நாள்களின் வாழ்க்கைச் செலவுக்கானது என்று வார்டு விளக்க வேண்டியிருந்தது.

முடிவு சரியானது என்பதே என் கருத்து. நேர்மறை என்று வந்தால் வருமானம் நின்றுபோகும் ஒருவனிடம் "வந்து சோதித்துக்கொள்" என்று சொல்வதற்கு ஒரு பொருள் இருக்க வேண்டுமானால், அடுத்த நாள்களுக்கான சோற்றுக்கு வழி சொல்ல வேண்டும். ஆனால் அறிவித்த விதம் பாதகமாகிவிட்டது. கபுகிச்சோ செய்திகள் கொழுந்துவிட்டு எரிந்த நேரத்தில் வந்ததால், யாருக்கு உதவ நினைத்தார்களோ அவர்கள் மேலேயே இன்னும் வசை விழுந்தது.

இரண்டாவது நிகழ்வு வேறு திசையிலிருந்து வந்தது. மத்திய அரசு கேளிக்கைத் தொழில் சட்டத்தைப் பயன்படுத்திக் கடைகளுக்குள் போகலாம் என்று அறிவித்தது. ஜூலை 24 அன்று காவலர்களும் மாநகர அரசு ஊழியர்களும் கபுகிச்சோ கடைகளுக்குள் நுழைந்தார்கள். அந்தச் சட்டம் நோய்த்தடுப்புக்கானது அல்ல. ஊழியர் பட்டியல் சரியாக இருக்கிறதா, நேரம் மீறப்படுகிறதா என்பதைப் பார்ப்பதற்கானது. அதை வைத்துக்கொண்டு உள்ளே போய் காற்றோட்டத்தைப் பற்றி அறிவுரை சொல்வது, வார்டு ஆறு வாரமாகச் சொல்லிவந்ததற்கு நேர் எதிரான செய்தி. தகவல் கொடுத்தால் உங்களுக்கு எதிராகப் பயன்படாது என்று ஒரு கை எழுதிக்கொண்டிருக்க, இன்னொரு கை அதை அழித்தது. தொடர்புக் குழு இதனால் உடைந்துவிடவில்லை. அது அங்கிருந்தவர்களின் பொறுமைக்குச் சான்று, காவலர்கள் உள்ளே நுழைந்ததற்கு நியாயம் அல்ல.

பின் நடந்தவை

ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோவில் 472 பேர். அந்த அலையின் உச்சம் அது. அதற்குள் புதுத் தொற்றுகளில் இரவுக் கேளிக்கை இடங்களின் பங்கு குறைந்து, வீடும் பணியிடமும் முன்னுக்கு வந்துவிட்டன. பிறகு மொத்த எண்ணிக்கையும் இறங்கியது. கபுகிச்சோவில் தொற்று குறைந்ததை அரசின் நிபுணர்களும் குறிப்பிட்டார்கள்.

இதில் எவ்வளவு பங்கு கூட்டுப் பரிசோதனைக்கு உரியது? தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகஸ்ட் 3 முதல் மதுக்கூடங்களை இரவு 10 மணிக்கு மூடச் சொல்லி மாநகர அரசு கேட்டுக்கொண்டது. மக்களும் தாங்களாகவே வெளியே போவதைக் குறைத்தார்கள். பகுதிக்குள்ளேயே பரவலைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஜூன் நடுப்பகுதியில் தென்பட்ட ஒரு மரபணு வகை பிறகு நாடு முழுக்கப் பரவியதாக தேசியத் தொற்றுநோய் ஆய்வு நிலையம் ஆகஸ்டில் தெரிவித்தது. ஆனால் முழு ஊரடங்கு இல்லாமல், கடைகளைக் கட்டாயமாக மூடாமல், ஒரு கேளிக்கைப் பகுதியில் பரவலைக் குறைக்க முடிந்தது என்பது பதிவாகியிருக்கிறது.

அக்டோபர் கடைசியில் மத்திய அரசின் நிபுணர் பணிக்குழு ஒன்று பெருநகரக் கேளிக்கைப் பகுதிகளுக்கான அறிக்கை கொடுத்தது. தொழில் நடத்துபவர்களோடு வழக்கமான நாள்களிலேயே நம்பிக்கை உறவை வளர்ப்பது, எளிதாக அணுகக்கூடிய பரிசோதனை, அவதூறைத் தடுப்பது ஆகியவை அதில் முக்கிய இடம் பெற்றன. ஷின்ஜுகு அனுபவம் ஆவணமானது.

ஆனால் 2021 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் திருத்தப்பட்டு, தொடர்பு விசாரணைக்குப் பதில் சொல்ல மறுப்பவருக்கு 3 லட்சம் யென் வரை அபராதம் என்று பிரிவு சேர்ந்தது. கபுகிச்சோவில் அபராதம் இல்லாத காலத்தில்தான் பேச வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகும் இந்தப் பிரிவு தேவைப்பட்டது எனக்கு வருத்தம்.

எதை மாற்ற வேண்டும்

முதலில், கணக்கு சொல்லும் முறை. தொற்று உறுதியானவர் எண்ணிக்கையோடு, எத்தனை பேர் சோதிக்கப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் தாங்களாக முன்வந்த கடைகளிலிருந்து வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே அன்றன்று சொல்லியிருக்க வேண்டும். தொழில் வாரியான பெயரை ஒட்டியது ஒரு பயனும் தரவில்லை. பரவலுக்கான சூழல் எது என்று சொல்வது போதும்.

அடுத்தது, பணம். உதவித்தொகையைப் பரிசோதனைத் திட்டம் தொடங்கும்போதே, சத்தமில்லாமல், அதன் ஒரு பகுதியாகவே வைத்திருக்கலாம். தனிமைப்படுத்த அறையும் அதோடு சேர வேண்டும். ஒரே குடியிருப்பில் நான்கு பேர் இருக்கும்போது வீட்டிலேயே இருங்கள் என்று சொல்வது மற்ற மூவருக்கும் நோயைக் கொடுப்பதற்குச் சமம்.

காவல்துறை வேலையும் சுகாதார வேலையும் ஒரே வாசல் வழியாகப் போகக் கூடாது. சட்ட மீறல் இருந்தால் அதை வேறு நாளில், வேறு காரணம் சொல்லி, வேறு ஆட்கள் பார்க்கட்டும்.

கடைசியாக, இந்த ஏற்பாட்டில் யார் விடுபட்டார்கள் என்பது. வார்டு நம்பிக்கையைச் சம்பாதித்தது உரிமையாளர்களிடம். பெரிய நிறுவனத்தில் வேலை செய்த ஹோஸ்ட் அதன் வழியாகப் பரிசோதனைக்கு வந்தான். தனிக்கடை நடத்துபவர்களுக்கும் அந்தப் பகுதியில் வேலை செய்த பெண்களுக்கும் அந்தக் குழுவில் குரல் குறைவு. ஹோஸ்ட் கிளப்புக்கு வந்த பெண்களின் நிலை அதைவிட மோசம். அவர்களில் பலர் அதே பகுதியில் இரவு வேலை பார்ப்பவர்கள், தங்கள் வேலை முடிந்த பிறகு அங்கே வருபவர்கள். அவர்கள் பெயர் பதிவேட்டில் இல்லை, ஹோஸ்டும் சொல்லமாட்டான். பெயரும் கடையும் கேட்காமல், ஒரு எண்ணை மட்டும் கொடுத்து, அதிகாலையிலும் திறந்திருக்கும் ஒரு பரிசோதனைச் சாவடியை அந்தத் தெருவிலேயே அவர்களுக்காக வைத்திருக்கலாம்.